நேத்து ஏன் வரலை?

மேலகரம் என்றால் தமிழ் வாத்தியார்கள் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். மற்றவர்கள், "தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் பஸ் ஒரு நிமிஷம் நிற்குமே, அந்த ஊரா?" என்பார்கள். அதேதான் சார்.

கவிராயர் இன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடைப் பக்கம் வந்தால் திகைத்துப் போவார். பெஞ்சில் ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டு "டெர், டீ, டாஸ்... டெர், டீ, டாஸ்" என்று ஜபம் பண்ணிக்கொண்டிருப்பான். கடைக்காரர் பாவம், கிளாஸைக் கழுவி எடுத்துக்கொண்டு வருவார்.

"தம்பி, டீ ஸ்ட்ராங்கா, லைட்டா?"

"டீ கேக்கல அண்ணாச்சி. ஜெர்மன் படிக்கேன்!"

ஜெர்மன் மொழியில் உலகத்துச் சாமான்கள் எல்லாமே ஆண், பெண், இரண்டும் இல்லாதது என்று மூன்று ஜாதி. டெர் என்றால் ஆண், டீ என்றால் பெண், டாஸ் என்றால் இரண்டும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி அஃறிணை! இலையைப் போட்டுக் கையால் பிசைந்து சாப்பிடுகிற ஜனங்களுக்கு இது என்ன சோதனை என்று கேட்கிறீர்களா? சோதனைதான். இருந்தும் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து பேர் ஜெர்மன் படிக்கிறார்கள். நர்ஸிங் முடித்த பெண்கள் மூன்று பேர், டிப்ளமா மெக்கானிக்கல் ஒருத்தன், பி.ஈ. ஒருத்தன்.

காரணம் ஜெர்மன் இலக்கியத்தின் மேல் திடீர்க் காதல் அல்ல. அந்த தேசத்தில் வயசானவர்கள் அதிகம், கவனித்துக்கொள்ள ஆள் குறைவு. 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசாங்கம், தொழில் தெரிந்த இந்தியர்களுக்கு வருஷா வருஷம் கொடுக்கும் விசாவை 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்தப் போவதாக அறிவித்தது. இங்கே சின்ன ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி பார்க்கும் பெண்ணுக்கு இந்தச் செய்தி எப்படி இருக்கும்! தம்பி படிப்பு, அப்பாவின் கடன், தன் கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. ஆனால் பூட்டு ஜெர்மன் பூட்டு.

அந்தப் பூட்டின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படி. நர்ஸாக முழு அங்கீகாரம் வேண்டுமானால் பெரும்பாலும் நாலாவது படியான பி2 வரை ஏற வேண்டும். ஜெர்மன் மொழியை உலகமெங்கும் சொல்லித்தரும் கதே இன்ஸ்டிடியூட், ஆரம்பத்திலிருந்து பி2-வை எட்ட 45 நிமிஷப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை ஆகும் என்கிறது. அதாவது 450-லிருந்து 600 மணி நேரம். தீபாவளி, பொங்கல், குற்றாலம் சீஸன் எதற்கும் லீவு போடாமல் தினம் ஒரு மணி நேரம் படித்தால் 15 மாசத்திலிருந்து 20 மாசம்.

அந்த இன்ஸ்டிடியூட் இருப்பது சென்னையில். எங்களுக்குச் சென்னை என்பது பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு முழு ராத்திரி. போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வர முடியாது. அங்கேயே தங்கிப் படிப்பதென்றால் ஹாஸ்டல், சாப்பாடு, கையிலிருக்கிற வேலைக்கு ராஜினாமா. ஆன்லைன் நல்லதா, வகுப்பறை நல்லதா என்பது பட்டணத்தில் பட்டிமன்றத் தலைப்பு. எங்கள் ஊரில் அது பட்ஜெட். ஆகவே போனைத் திற, பாடத்தைப் படி.

திறப்பது சுலபம். படிப்பதுதான்...

* * *

டீக்கடைப் பையன்தான் எங்கள் தெரு டிப்ளமா மெக்கானிக்கல். ஒரு ஆப் வைத்திருக்கிறான். தினம் அதைத் திறந்து நாலு கேள்விக்குப் பதில் தட்டினால் கணக்கில் ஒரு நாள் ஏறும். ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை அறுந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து. பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுவான்: "அண்ணாச்சி, இருநூத்திப் பன்னண்டு நாள்! ஒரு நாள் விடல. அக்கா கல்யாணத்தன்னைக்கி மண்டபத்துல வச்சே போட்டுட்டேன்."

போன சீஸனில் மெயின் அருவிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர், முதுகுப்பையும் காமிராவுமாகச் சாரலில் நனைந்துகொண்டு நின்றார். பேச்சுக் கொடுத்ததில் ஜெர்மன்காரர் என்று தெரிந்தது. விடுவோமா? பையனை முன்னால் தள்ளிவிட்டோம். அவன் தொண்டையைக் கனைத்தான். இருநூற்றுச் சொச்சம் நாள் படிப்பும் நெஞ்சில் முட்டியது. கடைசியில் வாயைத் திறந்து கம்பீரமாகச் சொன்னான்:

"டெர் பேர் டிரிங்க்ட் பீர்!"

'கரடி பீர் குடிக்கிறது' என்று அர்த்தம். ஆப்பில் வந்த பாடமாம். ஜெர்மன்காரர் திடுக்கிட்டு மலையைத் திரும்பிப் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, மேற்குத் தொடர்ச்சி மலையில் நிஜமாகவே கரடி உண்டு. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஏதோ மெதுவாகக் கேட்டார். உன் பேர் என்ன, என்ன வேலை பார்க்கிறாய் என்கிற மாதிரி சாதாரணக் கேள்விதான். பையன் என்னைப் பார்த்தான். நான் அருவியைப் பார்த்தேன்.

அவன் மக்கு இல்லை சார். சோம்பேறியும் இல்லை. 212 நாள் ஒரு காரியத்தை விடாமல் செய்கிறவன் எத்தனை பேர்? ஆனால் அவன் காப்பாற்றியது ஜெர்மனை அல்ல, எண்ணிக்கையை. தினம் ஐந்து நிமிஷம் அவனுக்கு. மேலே சொன்ன 450 மணி நேரத்தை ஐந்தைந்து நிமிஷமாக வகுத்துப் பாருங்கள். 5,400 நாள். ஏறக்குறைய 15 வருஷம்! விசா வாங்கும்போது ஜெர்மனியில் கவனித்துக்கொள்ள வேண்டிய கிழவர்களோடு இவனும் சேர்ந்துவிடுவான்.

இந்த ஆப்களை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பத்து வார்த்தை ஏறினால் லாபம்தானே. அதை மட்டுமே நம்பியிருப்பது, தினம் தவறாமல் கோயில் வாசல் வரை போய், செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பி வருகிற மாதிரி. புண்ணியம் கொஞ்சம் உண்டு. தரிசனம் கிடையாது.

* * *

அடுத்தவள் நர்ஸ் பெண். இவளுடையது ஆப் இல்லை, நிஜமான வாத்தியாரம்மா திரையில் வந்து நேரடியாக நடத்துகிற ஆன்லைன் வகுப்பு. நைட் ட்யூட்டி முடித்து வந்து குளித்துவிட்டு ஏழு மணிக்குப் போன் முன்னால் உட்காருவாள். திரையில் இருபத்திரண்டு கட்டம். வாத்தியாரம்மா முகம் ஒரு கட்டத்தில். மற்றதெல்லாம் கறுப்பு. எல்லாரும் காமிராவை அணைத்துவிட்டு, 'இருக்கிறேன்' என்பதற்குப் பேரை மட்டும் அனுப்பியிருப்பார்கள். ரேஷன் கடைக் க்யூவில் செங்கல் வைத்து இடம் பிடித்த ஞாபகம் உங்களுக்கு வருகிறதா? எனக்கு வந்தது.

"வீ கேட் எஸ் ஈனன்?" என்று அம்மா கேட்பார். எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். நம் பெண் பதில் சொல்ல மைக்கைத் திறக்கவும், தெருவில் வண்டி வரவும் சரியாக இருக்கும்.

"கத்தரிக்கா... வெண்டக்கா... கீரேய்!"

அத்தனை கட்டமும் சிரிக்கும். ஆனால் சிரிப்பது யார் என்று தெரியாது. கறுப்பு. சாரல் பலத்தால் சிக்னல் போகும். கரண்ட் போனால் எல்லாமே போகும். மூன்றாவது மாசம் இருபத்திரண்டு கட்டம் ஒன்பதாகிவிட்டது. போன பதின்மூன்று பேர் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. பேர் தெரியும், முகம் தெரியாது. யாரைப் போய் எங்கே கேட்பது?

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை மட்டும் என்று நினைத்து வருத்தப்பட வேண்டாம். உலகமே இப்படித்தான். அமெரிக்காவில் ஹார்வர்ட், எம்.ஐ.டி. என்ற இரண்டு மகா பெரிய இடங்கள் இலவசமாக ஆன்லைன் பாடங்கள் நடத்தின. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கணக்குப் பார்த்து 2019-ல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் போட்டார்கள். 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவிகிதம். நூறு பேர் பந்தியில் உட்கார்ந்து, மூன்று பேர் மட்டும் பாயசம் வரை இருந்த மாதிரி. அதே பாடத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்று காசு கட்டியவர்கள் மட்டும் 46 சதவிகிதம் பேர் முடித்திருக்கிறார்கள்.

'அப்படியானால் காசு கட்டினால் படிப்பு வரும்' என்று அவசரப்படாதீர்கள். முடிக்கிற உத்தேசம் உள்ளவர்கள்தானே காசு கட்டுவார்கள்! அப்படிக் கட்டியவர்களிலும் பாதிக்கு மேல் நடுவில் காணாமல் போனார்கள் என்பதையும் பாருங்கள். நம் நர்ஸ் பெண் கட்டியது அப்பா கடன் வாங்கிக் கொடுத்த காசு. அதனால்தான் ஒன்பதில் ஒருத்தியாக மிஞ்சினாள். ஆனாலும் நடுநடுவே சொல்வாள்: "மாமா, நாளைக்கி நான் போகலேன்னா அங்க யாருக்குமே தெரியாது." அவள் பயந்தது இலக்கணத்துக்கு இல்லை. அந்த 'யாருக்குமே தெரியாது'வுக்குத்தான்.

* * *

சரி, நேரில் வகுப்பில் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

நீங்களும் நானும் இங்கிலீஷ் படித்த கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வகுப்பறை, பெஞ்சு, கரும்பலகை, பிரம்பு எல்லாம் நேரில். அத்தனைக்கும் பிறகு ஆபீஸில் டெல்லியிலிருந்து போன் வந்தால் பாத்ரூமுக்கு ஓடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? பன்னிரண்டு வருஷத்தில் நாம் சொந்தமாக, தைரியமாகப் பேசிய ஒரே இங்கிலீஷ் வாக்கியம் "மே ஐ கம் இன் சார்?" உள்ளே போன பிறகு பேச வாய்ப்பே இல்லை. அறுபது பேர், ஒரு வாத்தியார், நாற்பத்தைந்து நிமிஷம். ஆளுக்கு முக்கால் நிமிஷம் கூட வராது. அங்கேயும் நாம் கறுப்புக் கட்டம்தான் சார். என்ன, அட்டெண்டன்ஸ் எடுத்தார்கள். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அதனால் உடம்பு மட்டும் வகுப்பில் இருந்தது.

ஆக, சங்கதி சுவரிலும் இல்லை, திரையிலும் இல்லை. பின்னே எதில்?

இதற்கு ஒன்பது மாசக் குழந்தைகள் பதில் சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா கூல் என்று ஒரு அம்மணி. குழந்தைக்குப் பேச்சு எப்படி வருகிறது என்று ஆராய்கிறவர். 2003-ல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனை இது. இங்கிலீஷ் மட்டுமே கேட்டு வளர்கிற ஒன்பது மாசக் குழந்தைகள் சிலதைச் சீன மொழி பேசுகிறவர்களோடு உட்கார வைத்தார்கள். 25 நிமிஷம் வீதம் 12 தடவை. பொம்மையைக் காட்டி, புத்தகத்தைக் காட்டிக் கொஞ்சினார்கள். கடைசியில் சோதித்தால், இங்கிலீஷில் இல்லாத சீனச் சத்தங்களை அந்தக் குழந்தைகள், தைவானில் பிறந்து வளர்கிற குழந்தைகள் மாதிரியே பிரித்துக் கேட்டன!

இன்னொரு கோஷ்டிக்கு அதே ஆட்கள், அதே பேச்சு. ஆனால் வீடியோவில். அதே 12 தடவை. பலன்? பூஜ்யம். ஒன்றும் ஏறவில்லை.

'பார்த்தீர்களா, திரை ஒழிக!' என்று கோஷம் போடப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 2018-ல் அதே இடத்திலிருந்து இன்னொரு சோதனை வந்தது. இந்த முறை தொட்டால் ஓடுகிற திரையில் வீடியோ. சில குழந்தைகளைத் தனியாக உட்கார வைத்தார்கள். சிலதைப் பக்கத்தில் இன்னொரு குழந்தையோடு ஜோடியாக. வாத்தியார் அதே வீடியோதான். தனியாகப் பார்த்த குழந்தையை விட, ஜோடியாகப் பார்த்த குழந்தைக்கு மூளையில் சீனச் சத்தம் நன்றாகப் பதிந்திருந்தது. ஜோடியாக இருந்தவை வாய்விட்டு மழலை பேசியதும் அதிகம்.

பக்கத்துக் குழந்தைக்கு மட்டும் சீனம் தெரியுமா என்ன? அதுவும் மக்குதான். ஆனால் பக்கத்தில் இருந்தது!

நமக்கு வயது ஒன்பது மாசம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பெரியவர்கள் புத்தகத்திலிருந்தும் திரையிலிருந்தும் படிக்க முடியும், படிக்கிறார்கள். ஆனால் பெரியவர்களுக்கு ஒன்பது மாசக் குழந்தைக்கு இல்லாத ஒரு திறமை உண்டு: நாளைக்குப் படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவது. அதனால் நமக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இன்னும் அவசியம்.

* * *

ஜெர்மன் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு, தமிழ் படித்த ஒரு ஜெர்மன்காரரின் கதையைச் சொல்ல வேண்டும். சீகன்பால்கு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வயது 24 கூட முழுதாக ஆகவில்லை. தமிழில் ஒரு எழுத்து தெரியாது. போன் இல்லை, ஆப் இல்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைத்தார். சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலை வைத்து 'அனா, ஆவன்னா' எழுதினார். ஒன்பது வருஷத்தில், 1715-ல், புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்துவிட்டது.

அவர் நினைத்திருந்தால் ஒரு முன்ஷியைத் தனியாக வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து படித்திருக்கலாம். துரைமார் பலர் அப்படித்தான் படித்தார்கள். இவர் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். 'ழ' வராவிட்டால் பக்கத்துப் பொடியன் சிரித்திருப்பான். அந்தச் சிரிப்புக்கு எந்த ஆப்பிலும் பட்டன் கிடையாது.

கனடாவில் கார்ட்னர், லாம்பர்ட் என்று இரண்டு பேர். வேற்று மொழியை ஒருவன் ஏன் படிக்கிறான் என்று வருஷக் கணக்காக ஆராய்ந்து 1972-ல் புத்தகம் போட்டார்கள். ஆசை இரண்டு வகை என்றார்கள். வேலைக்காக, சம்பளத்துக்காகப் படிப்பது ஒன்று. அந்த ஜனங்களோடு பழக வேண்டும், அவர்களில் ஒருவனாகக் கலக்க வேண்டும் என்று படிப்பது இன்னொன்று. எங்கள் தெரு ஐந்து பேரும் முதல் வகை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோற்றுக்குப் படிக்கிற படிப்புதான் உலகத்தில் முக்கால்வாசி. ஆனால் சம்பளம் இருக்கிற இடம் ரொம்ப தூரம். இன்று காலை ஏழு மணிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது, இருபது மாசம் தள்ளி வரப்போகிற யூரோ வந்து எழுப்பாது. எழுப்ப ஒரு ஆள் வேண்டும்.

எங்கள் ஜில்லாவுக்கு இது புதுசும் இல்லை. ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் தன் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு கம்பனைப் படித்தார். பிற்பாடு குற்றாலத்துக்கு வந்து தங்கிய பிறகும் அவரைத் தேடி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். கம்பராமாயணம் அப்போதே அச்சில் இருந்தது. வேண்டியவர்கள் வாங்கித் தனியாகப் படித்துக்கொள்ளலாம். ஆனாலும் வந்தார்கள். பாட்டு புத்தகத்தில் இருந்தது, ருசி கூட்டத்தில் இருந்தது.

கொரோனாவுக்குப் பிறகு நம் அரசாங்கம் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பாடம் டி.வி.யில் வந்தது, போனில் வந்தது. ஆனால் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஆரம்பித்து, தெருத் தெருவுக்குத் தன்னார்வலர்களைப் போட்டு, சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார்கள். பாடம் காற்றில் வந்துவிடும், கூப்பிட்டு உட்கார வைக்க மட்டும் ஆள்தான் வர வேண்டியிருந்தது.

* * *

எங்கள் தெருவில் கூப்பிட்டு உட்கார வைத்தது ஒரு ஆச்சி. வயது எழுபத்தெட்டு. ஜெர்மனி எந்தத் திசை என்று கேட்டால் செங்கோட்டைப் பக்கம் கையைக் காட்டுவாள்.

நர்ஸ் பெண் ஒரு நாள் ஆச்சிக்கு பி.பி. பார்க்கப் போனபோது புலம்பியிருக்கிறாள். தனியா உட்கார முடியலை ஆச்சி, தூக்கம் வருது, விட்டுரலாமான்னு இருக்கு. ஆச்சி சொன்னது இவ்வளவுதான்: "எங்க வீட்டுத் திண்ண சும்மாத்தான கெடக்கு. அந்த மத்தப் பிள்ளைகளையும் இங்க வரச் சொல்லுட்டி."

அப்படி ஆரம்பித்தது. சாயங்காலம் ஆறு மணி. ஐந்து பேர், ஒரு திண்ணை, நடுவில் தலையணைமேல் சாத்தி வைத்த ஒரே ஒரு போன். காலையில் நடந்த பாடத்தின் பதிவை ஓடவிட்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி ஆளாளுக்குச் சொல்வார்கள். வாத்தியார் கிடையாது. ஐவரில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஒருத்திக்கு இலக்கணம் வரும். பி.ஈ.க்கு உச்சரிப்பு வரும். நம் கரடிப் பையனுக்கு வார்த்தைகள் கொட்டிக் கிடந்தது. இருநூற்றுச் சொச்சம் நாள் சேர்த்த சொத்தாச்சே! யாராவது ஒரு வார்த்தைக்குத் திணறினால் டெர், டீ, டாஸோடு எடுத்துக் கொடுப்பான். ஆறே வாரத்தில் அவன் தன் பேர், ஊர், அப்பா தொழில், அருவியில் எப்போது தண்ணீர் விழும் என்பது வரை ஜெர்மனில் சொன்னான்.

ஆச்சிக்கு ஒரே வேலை. வெற்றிலையை இடித்துக்கொண்டு தலைகளை எண்ணுவாள். ஒரு தலை குறைந்தால் மறுநாள் விசாரணை.

"ஏல, நேத்து ஏன் வரல?"

"தலவலி ஆச்சி."

"தலவலிக்கி இங்க ரெண்டு நர்ஸு உக்காந்திருக்காளுவ. ஒனக்கு என்ன கேடு? உக்காரு."

ஆப்பும்தான் நினைவூட்டுகிறது. தினம் ராத்திரி 'டிங்' என்று மணி அடித்து, 'உங்களைக் காணோமே' என்கிறது. கட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போய்விடும். ஆச்சியைத் தள்ள முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. பி1 பரீட்சையில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. பேசுகிற பகுதியில் உங்களோடு இன்னொரு பரீட்சைக்காரரை உட்கார வைப்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியத்தைத் திட்டம் போட்டுப் பேச வேண்டும். நண்பனுக்கு ஒரு விருந்து, ஒரு சுற்றுலா என்று ஏதாவது. கேள்விக்குப் பதில் தட்டியே பழகியவர்களுக்கு இங்கேதான் வியர்க்கும். எதிர் ஆள் என்ன சொல்வார் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. திண்ணைக் கோஷ்டிக்கு இது பழகின விஷயம். தினம் சாயங்காலம் குற்றாலத்துக்குப் போகலாமா, பார்டர் கடை புரோட்டாவா, வீட்டுத் தோசையா என்று ஜெர்மனில் சண்டை போட்டவர்கள் ஆயிற்றே.

ஐந்து பேரில் நாலு பேர் பி1 எழுதினார்கள். மூன்று பேர் நாலு பகுதியும் தேறிவிட்டார்கள். ஒருத்திக்கு எழுதுவதில் 60-க்கு நாலு குறைந்தது. நல்லவேளை, தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். அவள் அழுதுகொண்டு வீட்டில் படுத்துவிட்டாள். மற்ற மூன்று பேரும் தங்கள் பி2 புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு மாசம் அவளோடு உட்கார்ந்து கடிதம் எழுதிப் பழகினார்கள். இரண்டாவது தடவை தேறினாள். எந்த ஆன்லைன் வகுப்பிலாவது இப்படி ஒரு மாசம் நின்று காத்திருப்பார்களா என்று யோசித்தேன். காத்திருக்கலாம், ஆள் யார் என்று தெரிந்திருந்தால்.

* * *

ஆபீஸ் நண்பர்கள் சிலர், "ஸார், நானும் ஜப்பானிஷ் படிக்கலாம்னு இருக்கேன், ஆன்லைனா, நேரிலா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் படியுங்கள். ஜப்பானிய வாக்கியம் நம் தமிழ் மாதிரியே நடக்கும். 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்பதை 'வதாஷி வா கோஹான் ஓ தபேமாஸ்' என்பார்கள். நான், சோறு, சாப்பிடுகிறேன் அதே வரிசை. நம் 'ஐ' வேற்றுமை உட்காருகிற இடத்தில் அவர்களுடைய 'ஓ' உட்காரும். எந்த வழியில் படித்தாலும், பணம் கட்டும் முன் மூன்று காரியம் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

ஒன்று, பரீட்சைத் தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். ஜப்பானிய மொழித் தேர்வு நம் நாட்டில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஐந்து படி. அடிப்படி என்.5. 'கற்றுக்கொள்கிறேன்' என்பதற்கு முடிவே கிடையாது. 'டிசம்பரில் என்.5' என்பதற்கு உண்டு.

இரண்டு, ஆன்லைன் வகுப்பானால் காமிராவைப் போடுங்கள். தலை வாரிக்கொள்ள இரண்டு நிமிஷம் ஆகும், அவ்வளவுதானே? முகம் தெரிந்தால்தான் காணோம் என்பது தெரியும்.

மூன்று, உங்களை விட ஒரு மாற்றுக் குறைவாகத் தெரிந்தவராக இருந்தாலும் பரவாயில்லை, இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து சீட்டுக்காரர், பஸ் சிநேகிதர், மச்சினன், யாராவது. மச்சினனோடு சண்டை என்றால் அதையும் ஜப்பானியத்தில் போடலாம்.

நர்ஸ் பெண் இப்போது பி2 படித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு ஆஸ்பத்திரிக்காரர்கள் திரையில் பேட்டி எடுத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக நடந்தால் அடுத்த வருஷம் கிளம்பிவிடுவாள். போன வாரம் திண்ணையில் ஆச்சி அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போயி எறங்குனதும் சாயங்காலம் ஆறு மணிக்கி டாண்ணு போன் பண்ணணும்."

"அங்க அப்ப மத்தியானம் ஆச்சி. ட்யூட்டில இருப்பேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இங்க தல எண்ணும்போது ஒண்ணு கொறையக் கூடாது. மறுநா கேப்பேன், பாத்துக்கோ."